சுமைதாங்கியின் கடைசி ஏற்றம்

காவல் நிலையத்தின் பின்கட்டில், பிடித்துப் போட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே, செத்தவனின் பந்தய சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. அண்ணி அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. விபத்துக் காப்பீட்டுக் கம்பெனியில் பதினோரு வருஷம், நொறுங்கிய வண்டியைப் பார்த்தே யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தவள். மேலதிகாரியின் மச்சான் வண்டிக்கும் 'பொய்' என்று எழுதியதால் வெளியே வந்து சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டாள். அங்கே நான் கார் ஓட்டுகிறேன், போட்டோ எடுக்கிறேன், அடி வாங்குகிறேன். கடைசி வேலைக்கு வேறு ஆள் கிடைக்காததால்தான் என்னை வைத்திருக்கிறாள் என்பது என் அண்ணனின் அபிப்பிராயம்.

"அம்மா, இதுல முறைக்கறதுக்கு என்ன இருக்கு?" இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "வியாழக்கிழமை காலைல ஒன்பது மணி. மலைரோட்டுல வேகமா இறங்கியிருக்கான். ஏழாவது வளைவுல ஓரக்கல்லுல மோதி, வண்டி மேலயே கிடந்துடுச்சு, ஆளு அறுபது அடி கீழ. முகம்னு ஒண்ணு மிச்சமில்ல. கேஸ் முடிஞ்சுது."

"இறங்கியிருக்கான்னு யாரு சொன்னா?"

"இறங்காம? வேகம் இல்லாம எப்படிம்மா பறப்பான்?"

"தம்பி, சங்கிலி எந்தப் பல்சக்கரத்துல கிடக்குன்னு சாருக்குக் காட்டு."

குனிந்தேன். பின்சக்கரத்தின் நடுவே சின்னதும் பெரியதுமாகப் பதினோரு பல்சக்கரங்கள் அடுக்கியிருந்தன. சங்கிலி இருப்பதிலேயே பெரியதில் கிடந்தது.

"பெருசுல கிடக்கு சார். செங்குத்தா ஏறும்போது போடற கியர். இறக்கத்துல இதைப் போட்டா கால் மட்டும் பரபரன்னு சுத்தும், ஒரு வேலையும் நடக்காது. சில ஆபீஸ் மாதிரி."

இன்ஸ்பெக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் சைக்கிளைப் பார்த்தேன்.

"ஆக, அவன் ஏறிட்டிருந்தான்," என்றாள் அண்ணி. "எவ்வளவு பெரிய வீரனா இருந்தாலும் அந்த ஏத்தத்துல மணிக்குப் பதினஞ்சு கிலோமீட்டர். அந்த வேகத்துல கல்லுல மோதினா முட்டி சிராய்க்கும். அறுபது அடி பறக்க முடியாது."

"பறக்கணும்னா யாராவது டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கணும்," என்றேன்.

"இன்னொண்ணு." அண்ணி முதல்முறையாகக் கையை நீட்டினாள். வலது பக்க பிரேக் பிடி நொறுங்கி உள்பக்கமாக மடங்கியிருந்தது. "இவ்வளவு பலமா அடி விழுந்திருக்கு. ஹேண்டில்பார் ஒரு பக்கமா கோணிக்கிட்டுத் திரும்பியிருக்கணும். திரும்பியும் இருக்கு. இதோ, தண்டுல பிறை மாதிரி புதுக் கீறல். ஆனா பார் இப்ப நூல் பிடிச்ச மாதிரி நேரா நிக்குது. உங்க ஆளுங்க யாராவது சரி பண்ணாங்களா?"

"எங்க ஆளுங்களா? இதைத் திருப்ப ஆறுமூலைத் திருகு சாவி, ஆலன் கீ வேணும். எங்ககிட்ட லாக்கப் சாவிதான் இருக்கு." தன் போனை எடுத்து, சம்பவ இடத்தில் எடுத்த படங்களைத் தள்ளினார். புல்லில் கிடந்த சைக்கிளில் ஹேண்டில்பார் நேராகவே இருந்தது. இன்ஸ்பெக்டரின் முகத்தில் இருந்த அவசரம் மெதுவாக இறங்கியது.

"ஒருத்தனைக் கொன்னு உருட்டிவிட்டுட்டு, நின்னு நிதானமா சாவி எடுத்து, அவன் வண்டியை நேராக்கிட்டுப் போயிருக்கான்," என்றாள் அண்ணி. "ஏன்?"

"சுத்தம் சுகம் தரும்னு படிச்சவனா இருப்பான்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "நாலு மணிக்கு இந்தச் சைக்கிளை அவன் சைக்கிள் டீம் பட்டறைக்கு அனுப்பணும்னு இருக்கீங்க இல்ல? அனுப்புங்க. ஆனா நீங்களே கொண்டு வாங்க."

*

எங்களை இந்த வேலைக்கு அமர்த்திய செத்தவனின் மனைவி ஒரு நர்ஸ். கணவனை எரித்த மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்பியிருந்தாள். வீட்டுச் சுவரெல்லாம் கடிக்க வருகிறது என்றாள். ஆஸ்பத்திரிக் கட்டுப்போடும் அறையில், துணிச் சுருளைச் சுற்றிக்கொண்டே பேசினாள். கை ஒரு நொடியும் நிற்கவில்லை.

"பதிமூணு வருஷம் ஓட்டினார். ஒரு பந்தயத்துல கூட ஜெயிச்சதில்ல. ஜெயிக்கறது அவர் வேலையே இல்ல. டீம் கேப்டனுக்கு முன்னால போய் காத்தைக் கிழிக்கணும். பின்னாடி ஒட்டிக்கிட்டே வர கேப்டனுக்கு மூணுல ஒரு பங்கு பலம் மிச்சம். கடைசி அஞ்சு கிலோமீட்டர்ல இவரு ஒதுங்கிடணும், அவரு பாஞ்சு போய் மாலை வாங்கிப்பார். நடுவுல தாகம்னா இவருதான் பின்னாடி கார் வரைக்கும் போய், எட்டு பாட்டிலைச் சட்டைக்குள்ள திணிச்சுக்கிட்டு, கர்ப்பிணி மாதிரி திரும்பி வருவார். கேப்டன் சக்கரம் பஞ்சரானா தன் சக்கரத்தைக் கழட்டிக் கொடுத்துட்டு ரோட்டோரம் நிப்பார். அதான் எல்லாரும் சுமைதாங்கின்னு கூப்பிடுவாங்க."

"கோவமே வராதா அவருக்கு?" என்று கேட்டாள் அண்ணி.

"ஒரு தடவை மலைப் பந்தயத்துல இவரு ரெண்டு நிமிஷம் முன்னாடி போயிட்டார். ஜெயிச்சிருக்கணும். காதுல இருக்கற ரேடியோவுல 'நில்லு, கேப்டனுக்குக் காத்திரு'ன்னு சொன்னாங்க. காலைக் கீழ ஊனி நின்னுட்டார். அன்னிக்கு வீட்டுக்கு வந்து நல்லா சாப்பிட்டார். நான்தான் அழுதேன்." துணிச்சுருள் நின்றது. "காறையெலும்பு மூணு தடவை உடைஞ்சிருக்கு. தொடையில தோலே இல்லாம வருவார், நான் உட்கார வெச்சு ஒவ்வொரு கல்லா எடுப்பேன். அந்த உடம்பு எனக்கு மனப்பாடம் மேடம். ரோட்டுல விழுந்த காயம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது அது இல்ல."

"எது?"

"கடைசியா நான்தான் குளிப்பாட்டினேன். கழுத்துக்குப் பின்னாடி, காதுக்கு மேல, வரிசை வரிசையா பள்ளம். பெரிய டாக்டர் ஜல்லிக்கல் குத்தினதுன்னு எழுதிட்டார். எனக்கு மனசு கேக்கல. டேப் வெச்சு அளந்தேன். ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததுக்கும் அரை அங்குலம். அதுக்கும் அடுத்ததுக்கும் அரை அங்குலம். அஞ்சு வரிசை, எல்லாத்துலயும் அதே அரை அங்குலம்."

"கல்லுக்கு அளவு தெரியாது," என்றாள் அண்ணி மெதுவாக. "சைக்கிள் சங்கிலிக்குத் தெரியும். உலகத்துல எந்தச் சங்கிலியா இருந்தாலும் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம்."

எனக்கு வாயில் ஒரு நகைச்சுவையும் வரவில்லை. ஐந்து வரிசை என்றால் ஐந்து அடி. மண்டையில்.

"உங்க கணவருக்கு யாரோட தகராறு?"

நர்ஸ் கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கேப்டனோட. செவ்வாய், புதன் ரெண்டு நாளும். ஒன்பது வருஷம் முன்னாடி மலைப் பந்தய இறக்கத்துல வேற டீம்காரர் ஒருத்தர் விழுந்து முதுகெலும்பு உடைஞ்சுது, ஞாபகம் இருக்கா? பேப்பர்ல புயல்னு எழுதுவாங்களே, அவரு. அன்னிக்கு அவரு விழுந்ததாலதான் கேப்டன் ஜெயிச்சார். அந்த விஷயத்தைப் பத்தி ஏதோ சொல்லப் போறதா இவரு முடிவு பண்ணியிருந்தார். அடுத்த மாசம் ஓய்வு. அதுக்குள்ள சொல்லிடணும்னார்."

"என்ன விஷயம்?"

அவள் துணிச் சுருளைக் கீழே வைத்தாள். "தூக்கத்துல புலம்புவார். 'என்னாலதான் அவன் படுத்துட்டான்'னு. ஒன்பது வருஷமா இதே வார்த்தை." கண்ணைத் துடைக்கவில்லை. அது பாட்டுக்கு வழிந்தது. "கட்டினவ வாயால இதைச் சொல்றேன். அவரு ஏதாவது தப்பு பண்ணியிருந்தாலும், நாயை அடிக்கற மாதிரி அடிச்சுக் கொல்ல யாருக்கும் உரிமை இல்ல மேடம்."

*

கேப்டன் தன் வீட்டுக் கூடத்தில், ரப்பர் விரிப்பின் மேல், அசையாத சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் கோப்பைகள். எதிரே ஆளுயரக் கண்ணாடி. வேர்வை சொட்டச் சொட்டத் தன்னையே பார்த்தபடி மிதித்தான். வலது கை முட்டிகளில் தோல் உரிந்து, பொருக்குத் தட்டியிருந்தது.

"கையில என்ன காயம்?" என்றாள் அண்ணி.

"விழுந்தேன்."

"வீரருங்க விழுந்தா உள்ளங்கையிலதான் அடிபடும். முட்டியில அடிபடணும்னா கையை மடக்கி விழணும்."

"எதிர்ல ஒரு மூஞ்சி இருந்தா இன்னும் வசதி," என்றேன் நான்.

தப்பு. நான் அவனுக்கு ரொம்பக் கிட்டே நின்றிருந்தேன். பெடலில் இருந்து காலை எடுத்ததைப் பார்த்தேன்; கையைப் பார்க்கவில்லை. மூக்கில் ஏதோ உடைந்த சத்தம் முதலில் கேட்டது, வலி பிறகுதான் வந்தது. கோப்பை அலமாரியோடு போய் விழுந்தேன். எழுவதற்குள் நெஞ்சில் ஒரு உதை. அவன் ஷூவின் அடியில் பெடலில் பூட்டிக்கொள்ளும் தகடு ஒன்று உண்டு. அது விலா எலும்பில் இறங்கியபோது பல்லைக் கடித்ததில் நாக்கும் சேர்ந்து கடிபட்டது.

"வெளிய போங்கடா!" அவன் அண்ணியின் பக்கம் திரும்பினான். தொடை ஒவ்வொன்றும் மரத்தடி மாதிரி.

அண்ணி ஓடவில்லை. ரப்பர் விரிப்பை விட்டு, கண்ணாடி போலத் துடைத்து வைத்த தரையில் ரெண்டடி பின்வாங்கினாள். அவ்வளவுதான். அவன் பாய்ந்தான். வழவழத் தரையில் அந்தத் தகட்டு ஷூ பனிக்கட்டியில் வைத்த கால் மாதிரி வழுக்கியது. இரண்டு காலும் காற்றில் போக, முகவாய் தரையில் மோதித் தோல் பிளந்தது. ரத்தம் வட்டமாகப் பரவியது.

அண்ணி அவன் முதுகில் முட்டியை ஊன்றிக் கையை முறுக்கினாள். "இப்பச் சொல்லு."

"அடிச்சேன்... புதன்கிழமை. அடிச்சது உண்மை. கொல்லல!"

"ஏன் அடிச்சே?"

"பைத்தியம் பிடிச்சுப் போச்சு அவனுக்கு. புயலைத் தள்ளினது அவன்தான். எனக்கு முன்னாடி போனான், இடிச்சான், புயல் போய் விழுந்தான். ஒன்பது வருஷம் கழிச்சு இப்பப் போய் அதைச் சொன்னா நான் ஜெயிச்சது என்னாகும்? டீம் என்னாகும்? வாயை மூடுன்னு சொன்னேன். மூடல. அடிச்சேன்."

"வியாழக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு எங்க இருந்தே?"

"டாக்டர் லேப்ல! எட்டுலேர்ந்து பத்து வரைக்கும் மூச்சு டெஸ்ட்டு, மூஞ்சில மாஸ்க் மாட்டி மிதிக்க விட்டாங்க. மூணு டாக்டர் இருந்தாங்க. கேமரா இருக்கு. கேட்டுப் பாருங்க!"

கேட்டுப் பார்த்தேன், ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு. மூன்று டாக்டர்களும் ஆமாம் என்றார்கள். கேமராவும் ஆமாம் என்றது.

காரில் நான் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு கேட்டேன். "அப்ப யார் அண்ணி? ஏழு வீரருங்க, ஒரு கோச், ஒரு மசாஜ்காரர், ஒரு மெக்கானிக். எல்லார்கிட்டயும் ஒரு குத்து வாங்கிட்டு வரவா?"

"வேண்டாம். கோவத்துல கொன்னவன் ஓடிடுவான். திட்டம் போட்டுக் கொன்னவன் விபத்து மாதிரி காட்டறதுக்கு வண்டியைக் கோணலாத்தான் விட்டிருப்பான். இவன் ரெண்டும் இல்ல. நேராக்கிட்டுப் போயிருக்கான். அது அவனுக்கு லாபமே இல்லாத வேலை." வண்டியை அவளே ஓட்டினாள். "லாபமே இல்லாத வேலையை ஒருத்தன் எப்பச் செய்வான்?"

"கல்யாணமானப்புறம்."

"தெரியாமச் செய்வான், தம்பி. தான் செய்யறோம்னே தெரியாம."

*

டீம் பட்டறை ஒரு நீளமான கொட்டகை. ஒரு சுவர் முழுக்கப் பலகை. அதில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வெள்ளைப் பெயிண்டில் வரைந்து, அந்தந்த உருவத்தின் மேல் அந்தந்தக் கருவி தொங்கியது. ஒரு திருப்புளி கூட இடம் மாறியிருக்கவில்லை. மெக்கானிக் நாற்பது வயதுக்குக் கீழே, ஒல்லி, முழங்கை வரை கறுத்த கை. எங்களைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"சுமைதாங்கி மாதிரி ஒரு ஆளு கிடையாதுங்க," என்றான். "வண்டியை அழுக்கோட திருப்பிக் கொடுக்கவே மாட்டார்."

"வியாழக்கிழமை காலைல?"

"இங்கதான் இருந்தேன். ஞாயித்துக்கிழமைப் பந்தயத்துக்கு எட்டு வண்டி தயார் பண்ண வேண்டியிருந்தது."

அப்போது இன்ஸ்பெக்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து மேஜை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, போன் பேசுகிற பாவனையில் வெளியே போனார். அண்ணி அவரிடம் முன்பே சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. வரும் வழியில் எங்கோ ஒரு ஆலன் கீ வாங்கி ஹேண்டில்பாரின் திருகைத் தளர்த்தி வைத்திருந்தார். ஒரு கொம்பு முன்னால் பார்க்க, ஒரு கொம்பு பின்னால் பார்க்க, காது பிடித்துத் திருகிய ஆடு மாதிரி அது நின்றது.

அண்ணி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டூலை மெக்கானிக்கின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட மறைக்க வேண்டாம். கொலை. செஞ்சது உங்க கேப்டன்."

அவன் கண் விரிந்தது. "கேப்டனா?"

"புதன்கிழமை அடிச்சிருக்கார், ஒத்துக்கிட்டார். வியாழக்கிழமை மலைக்குப் பின்னாடியே போயிருக்கார். ஏழாவது வளைவுல நிறுத்தி, முதல் அடி கழுத்துல..."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். எந்த வளைவு, எந்தப் பக்கம், எப்படி விழுந்தான், எப்படிப் புரண்டான். இட்டுக்கட்டிய கதை. ஆனால் கேட்கும்போது எனக்கே கேப்டனைத் தூக்கில் போடலாம் போலிருந்தது. மெக்கானிக் நின்றபடி வாய் பிளந்து கேட்டான். நடுநடுவே "அப்படியா" என்றான். "ஐயோ" என்றான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் மற்றதைக் கவனிக்கத் தாமதமாகிவிட்டது.

அவனுடைய முகம் அண்ணியிடம் இருந்தது. கை அங்கே இல்லை. இடது கை ஏப்ரன் பையிலிருந்து ஆலன் கீயை எடுத்து வலது கைக்குக் கொடுத்திருந்தது. எப்போது நகர்ந்தான் என்று தெரியவில்லை; சைக்கிளின் முன்சக்கரம் அவன் இரண்டு முட்டிகளுக்கு நடுவே இருந்தது. ஒரு கண்ணைச் சுருக்கி, ஹேண்டில்பாரை மயிரிழை இந்தப் பக்கம், மயிரிழை அந்தப் பக்கம் நகர்த்தி, திருகை முடுக்கிக்கொண்டிருந்தான்.

அண்ணி கதையை நிறுத்தினாள்.

"நேரா இருக்கா?" என்று கேட்டாள், மிக மெதுவாக.

"இப்ப நேர்," என்றான்.

பிறகு தன் கையைப் பார்த்தான். சாவியைப் பார்த்தான். யாரோ கொண்டுவந்து வைத்த கை போல அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னிக்கும் அப்படித்தான், இல்ல?" என்றாள் அண்ணி. "அவன் கீழ உருண்டுட்டான். வண்டி கோணலா கிடந்தது. உங்க கை போயிடுச்சு."

அவன் சுவர்ப் பக்கம் தாவினான். பலகையிலிருந்து ஒரு கருவியை உருவினான். முழநீளக் கைப்பிடி, நுனியில் ஒரு சாண் சங்கிலி. பல்சக்கரத்தைச் சுற்றிப் பிடித்துக் கழற்றுவதற்கு வைத்திருப்பது. பட்டறையில் அதற்குச் சாட்டை என்றே பெயர். முதல் வீச்சு என் முன்கையில் விழுந்தது. தலைக்கு வந்ததைத் தடுக்கக் கையைத் தூக்கியிருந்தேன். தோல் கிழிந்து, எலும்பில் சங்கிலி பட்டதை உணர்ந்தேன். இரண்டாவது வீச்சு தோளில். மண்டியிட்டேன். மூன்றாவது எங்கே விழும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அண்ணி மேஜையிலிருந்து ஒரு கழற்றிய சக்கரத்தை எடுத்துக் கேடயம் போல நடுவே நீட்டினாள். சங்கிலி ஆரக்கம்பிகளுக்குள் புகுந்து சிக்கியது. இரண்டு கையாலும் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஆரக்கம்பிகள் பட் பட்டென்று தெறிக்கிற சத்தத்தோடு அவன் மணிக்கட்டு முறிகிற சத்தமும் கேட்டது. சாட்டை விழுந்தது. அவன் இடது கையால் அவள் தொண்டையைப் பிடித்தான். நான் தரையில் கிடந்த காற்றடிக்கும் பம்பால் அவன் முழங்காலின் பின்பக்கம் என் பலம் அத்தனையும் கூட்டி அடித்தேன். ஒருமுறை அடித்தால் போதும் என்று தெரிந்தும் மூன்றுமுறை அடித்தேன். இன்ஸ்பெக்டர் வந்து என்னைப் பிடித்து இழுத்தார்.

தரையில், மேஜைக்காலில் சாய்ந்து, உடைந்த மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்.

"புயல்னு சொல்றாங்களே, அவன் என் கூடப்பிறந்த அண்ணன். இங்க யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். தெரிஞ்சா வேலைக்கு வெச்சிருக்க மாட்டாங்க. எட்டு வருஷமா இவங்க வண்டியைத் துடைக்கிறேன், யாரு தள்ளினான்னு தெரிஞ்சுக்க. எங்க அண்ணன் வாயைத் திறக்கவே மாட்டேன்னான். கீழ விழுந்ததுல நினைவு போயிடுச்சும்பான்."

"நினைச்சிருந்தா பிரேக்கைக் கழட்டி விட்டிருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மெக்கானிக் அவரை அவமானப்பட்டவன் மாதிரி நிமிர்ந்து பார்த்தான். "வண்டியில கை வைக்கறதா? நானா?"

"மேல சொல்லு," என்றாள் அண்ணி. அவள் தொண்டையில் ஐந்து விரல் தடம் சிவந்திருந்தது.

"சுமைதாங்கிதான் என்னை மலைக்கு வரச் சொன்னான். பின்னாடியே வேன்ல போனேன். ஏழாவது வளைவுல இறங்கி நின்னு, 'உங்க அண்ணன் விழுந்தது என்னாலதான். என்னை மன்னிச்சிடு'ன்னான். அவ்வளவுதான் சொன்னான். நான் வேனுக்குப் போய்ச் சாட்டையை எடுத்துட்டு வந்தேன். அவன் அங்கயே நின்னான். முதல் அடியில வண்டி மேல விழுந்தான். அப்பவும் கையைத் தூக்கல. ரெண்டு... மூணு... அஞ்சு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் காலால உருட்டினேன்." மூச்சு வாங்கினான். "எங்க அண்ணன் காலுக்குப் பதில். எனக்கு வருத்தம் இல்ல."

*

புயலுக்குச் செய்தியைச் சொல்லும் வேலை அண்ணி தலையில் விழுந்தது. சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் என் கைக்குப் பதினேழு தையல் போட்டது நர்ஸேதான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே போட்டாள். ஒரு தையல்கூடக் கோணவில்லை. கடைசியில், "ஆக, அவருதான் தள்ளியிருக்கார்," என்று மட்டும் சொல்லி நூலை வெட்டினாள்.

புயலின் வீடு வாசலில் படிக்குப் பதில் சரிவு கட்டியது. கதவுகள் அகலம். கட்டிலுக்கு மேலே கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கியது, பிடித்து எழுந்து உட்கார. புயல் உட்கார்ந்திருந்தான். தோளும் கையும் பயில்வானுக்கு உரியவை. போர்வைக்கு அடியில் கால்கள் இரண்டு குச்சி. பக்கத்து மேஜையில் சுமைதாங்கியின் மரணச் செய்தியை யாரோ பேப்பரிலிருந்து ஒழுங்காக வெட்டி, பாட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

"உங்க தம்பியைப் போலீஸ் பிடிச்சிருக்கு," என்றாள் அண்ணி. அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "கொலைக் குற்றம். ஒத்துக்கிட்டார்."

அவன் கண்ணை மூடினான்.

"கேப்டன் செத்துட்டானா?" என்றான்.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"கேப்டனுக்கு ஒண்ணும் ஆகல," என்றாள். "ஏன் கேப்டன்னு கேட்டீங்க?"

"அப்ப யாரை?"

அவளுடைய பார்வை மேஜைமேல் இருந்த பேப்பர் துண்டுக்குப் போனது. அவனுடைய பார்வையும் அதைத் தொடர்ந்து போனது.

"அவன் தவறித்தானே விழுந்தான்?" என்றான் புயல். "பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு. தவறி விழுந்தான்." மறுபடியும், "தவறித்தான்..." என்றான்.

மூடிய முஷ்டியால் தன் தொடையில் ஓங்கிக் குத்தினான். ஒன்று, இரண்டு, பத்து. தசை இல்லாத காலில் அந்தக் குத்து கட்டிலில் குத்துவது போலவே கேட்டது. அவனுக்கு வலித்திருக்காது. வலிக்காததாலேயே இன்னும் பலமாகக் குத்தினான். அண்ணி இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"என்னைத் தள்ளினது கேப்டன்," என்றான். "முழங்கையால. நான் அவன் கண்ணைப் பார்த்தேன். சுமைதாங்கி எங்களுக்கு முன்னாடி போயிட்டிருந்தான். 'வழியை அடை'ன்னு ரேடியோவுல சொன்னாங்க, இடதுபக்கம் நகர்ந்து அடைச்சான். தினமும் செய்யற வேலை. அவ்வளவுதான் அவன் செஞ்சது. நான் விழுந்ததும் எல்லாரும் போயிட்டாங்க. அவன் ஒருத்தன்தான் வண்டியைப் போட்டுட்டுத் திரும்பி ஓடி வந்தான். என் தலையை மடியில வெச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ் வர வரைக்கும் உட்கார்ந்திருந்தான். அன்னிக்குப் பந்தயத்தை விட்டே அவனைத் தூக்கிட்டாங்க, நேரத்துக்கு வந்து சேரலன்னு."

"இங்க வருவாரா?"

"மாசாமாசம். தம்பி வேலைக்குப் போற நேரமாப் பார்த்து வருவான். எனக்கு முகம் மழிச்சு விடுவான்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல நீங்க? ஒன்பது வருஷமா?"

"என் தம்பியை எனக்குத் தெரியும். பேரைச் சொன்ன அன்னிக்கே கேப்டனைக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயிடுவான். எனக்குக் கால் போச்சு, இருக்கறது அவன் ஒருத்தன். அதனால நினைவில்லன்னு சொல்லிட்டேன்." கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "போன வாரம் சுமைதாங்கி வந்தான். இனிமே முடியாது, உன் தம்பி மூஞ்சியைப் பார்க்க முடியல, எல்லாத்தையும் சொல்லிடறேன்னான். நான் அவன் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். கேப்டன் பேரை மட்டும் சொல்லாத. உன் பங்கை மட்டும் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்க, போதும்னேன்."

வெளியே யாரோ ஒரு சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"சரின்னான்," என்றான் புயல். "சொன்னபடி செஞ்சிருக்கான்."

அண்ணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்து, 'வாக்குமூலம்' என்று எழுதித் தேதி போட்டு, அவன் மடியில் வைத்தாள். பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தாள். அவன் முதலில் எழுதியது கேப்டனின் பெயரை.